கண்காட்சியைத் தொடங்கியவர் யார்? செயற்குழுவின் நிலைப்பாடு

தபால்தலை, நாணயம், பழைய காமிக்ஸ் சேகரிப்போர் திருச்சியில் ஒன்றுகூடும் நம் கண்காட்சியைத் தொடங்கிய பெருமை யாருக்கு என்ற தகராறு மனக்கசப்பாக வளர்ந்திருக்கிறது. நம் சங்கத்தின் செயற்குழு கூடிப் பேசி எடுத்த முடிவைப் பொதுவில் வைக்கிறோம்.

எவரையும் தனித்து 'நிறுவனர்' என்று சங்கம் அறிவிக்காது. அவரவர் செய்த வேலையை ஆண்டோடும் ஆதாரத்தோடும் பெயர் சொல்லிப் பதிவு செய்யும்.

யோசனை சொன்னவர் ஒருவர், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர் வேறொருவர். ஃபிரேமுக்கு 16 தாள் என்று கணக்குப் பார்த்து விடிய விடியச் செருகியவர்கள் சிலர். வெளியூர் டீலர்களிடம் பேசி ஸ்டால் எடுக்க வைத்தவரின் பெயரை மேடையில் யாரும் சொன்னதே இல்லை. இவர்களில் யார் இல்லாமல் கண்காட்சி நடந்திருக்கும்?

அமெரிக்காவின் சான் டியேகோ காமிக்-கான் 1970 மார்ச் 21 அன்று ஒருநாள் கூட்டமாகத் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்று நாள் விழாவானது. நிறுவனர் என்றதும் ஷெல் டார்ஃப் பெயரே முன்னால் வரும். டெட்ராய்ட்டில் இத்தகைய விழா நடத்திய அனுபவம் அவருடையது. ஆனால் தொடக்கச் செலவுக்குப் பணம் தந்தவர் ரிச்சர்ட் ஆல்ஃப் என்ற பதின்ம வயது இளைஞர். புத்தகக் கடைக்காரர் கென் க்ரூகரும் வேறு சில இளைஞர்களும் தோள் கொடுத்தார்கள். ஒரே பெயரைச் சொன்னால் மற்றவர்கள் உழைப்பு மறைந்துபோகிறது.

நாம் சேர்க்கும் தபால்தலைக்கே இந்த வழக்கு உண்டு. 1840-இல் பென்னி பிளாக் வெளிவரக் காரணமானவர் ரோலண்ட் ஹில். ஒட்டும் தபால்தலை என்ற யோசனை டண்டீ நகர ஜேம்ஸ் சால்மர்ஸுடையது என்று அவர் மகன் வாதாடினார். ஹில்லின் மகன் மறுத்தார். தந்தையர் இருவரும் மறைந்த பிறகும் மகன்கள் துண்டுப் பிரசுரங்களில் மோதிக்கொண்டார்கள். அந்தப் பகை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் ஊரே நல்ல வழி காட்டுகிறது. அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கி நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், அகோபில மடத்து 44-ஆவது ஜீயரின் முயற்சியில் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து 1987-இல் சம்ப்ரோட்சணம் கண்டது. தொடங்கியவருக்கும் முடித்தவருக்கும் பொருள் தந்த பலருக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆகவே:

1. மண்டப ரசீது, நோட்டீஸ், கணக்கு நோட்டு, தேதி முத்திரை விழுந்த சிறப்பு அஞ்சல் உறை ஆகியவை முதன்மை ஆதாரங்கள். நினைவிலிருந்து சொல்வதையும் ஏற்போம், நினைவு என்றே குறிப்போம்.

2. வீட்டில் கூடிய சந்திப்புகளையும் பொதுமக்களுக்குத் திறந்த கண்காட்சிகளையும் தனித்தனியே பதிவு செய்வோம். முதல் அறிவியல் புனைகதை மாநாடு 1936-இல் பிலடெல்பியாவில் நடந்ததா, 1937-இல் லீட்ஸில் நடந்ததா என்ற வாக்குவாதம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

3. மறைந்த உறுப்பினர்களின் பங்கை அவர்கள் குடும்பத்தாரிடம் கேட்டுச் சேர்ப்போம்.

4. சங்கத்தின் பெயரில் எவரும் தம்மை நிறுவனர் என்று பேனரிலோ அழைப்பிதழிலோ அச்சிடக் கூடாது.

செய்த வேலைக்குப் பெயர் நிற்கும் என்று தெரிந்தால்தான் இளையவர்கள் பொறுப்பேற்க முன்வருவார்கள். பழைய ஆவணம் வைத்திருப்போர் அனைவரும், எந்தத் தரப்பில் இருந்தாலும், செயற்குழுவிடம் தாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.