ஓட்டைக் குழாயும் உயர்ந்த ஆராய்ச்சியும்

கல்மண்டபத்துத் தேநீர்க் கடையில் பத்திரிகையும் கையுமாக இருந்த நண்பர், "பார்த்தீரா ஐயா! சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்து சிமெண்டு செய்கிறார்களாம். நம் ஐ.ஐ.டி.க்காரர்களும் சுவிட்சர்லாந்துக்காரர்களும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. இனி உலகம் சூடாகிற கவலை விட்டது!" என்றார்.

இந்தக் 'கவலை விட்ட'தோடுதான் என் சண்டை, ஆராய்ச்சியோடு அல்ல. சிமெண்டுக்கு மூலமான கிளிங்கரை ஏறக்குறைய 1,450 டிகிரியில் சுட வேண்டியிருக்கிறது. உலகம் கக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டின் கணக்கு. அதைக் குறைக்கிறவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால், கிளிங்கரைக் குறைத்து வேறொன்றைச் சேர்க்கலாம் என்பது பழைய செய்தியல்லவா? அனல் மின் நிலையத்துச் சாம்பல்தான் அது! நம் நாட்டு நிலக்கரியை நூறு மூட்டை எரித்தால் முப்பது, நாற்பது மூட்டை சாம்பல் மிஞ்சும். சிமெண்டில் அதை 35 சதவிகிதம் வரை கலக்க நம் தர விதியே இடம் தருகிறது. 1999-லேயே மத்திய அரசு, கட்டடப் பொருள்களில் சாம்பலைச் சேர்க்கச் சொல்லி உத்தரவிட்டது. பத்தாண்டுக்காவது அதை இலவசமாகக் கொடுங்கள் என்று மின் நிலையங்களுக்கும் சொன்னது.

நடந்தது என்ன? இங்கிருந்து வடக்கே எண்ணூருக்குப் போய்க் கேளுங்கள். வட சென்னை அனல் மின் நிலையத்துச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துக் குட்டைக்கு அனுப்புவது ஏற்பாடு. குழாய் ஓட்டையாகி, ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலை ஆற்றில் கொட்டியது. இறாலுக்குக் கைவிட்டுத் துழாவியவர்களுக்குச் சாம்பல் சேறு கிடைத்தது. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்துத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ஓட்டையை அடைக்க எந்த தேசத்து ஆராய்ச்சி வேண்டும்? ஒரு வெல்டர் போதும். அவரை அனுப்ப ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக நாம் யாரும் குரல் கொடுக்கவில்லை. விளக்கும் விசிறியும் நம் வீட்டில். சாம்பல் அவர்கள் ஆற்றில்! புதிய கண்டுபிடிப்பு நமக்கு அறிவாக வரவில்லை. பழைய கடனை மறக்க ஒரு சாக்காக வருகிறது.

இவ்வளவும் சொன்னேன். நண்பர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார். அவர் மாடி கட்டிக் கொண்டிருக்கிறார்.

"சாம்பல் கல்லில்தானே கட்டுகிறீர்கள்?" என்றேன்.

"சேச்சே! செங்கல் போல வருமா, ஐயா?" என்று பத்திரிகையை மடித்து வைத்தார்.