ஊரில் வீடியோ, இங்கே ஷிஃப்ட்: 2023 வதந்தியில் நடந்தது என்ன?

முதலிபாளையம் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் இல்லாமல் பனியன் கம்பெனி ஓடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகாரிகளை அடித்துக் கொல்வதாக வீடியோக்கள் பரவின. அவை பொய் என்றார் டிஜிபி சைலேந்திர பாபு. ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை! பிகார் அரசின் நால்வர் குழுவும் திருப்பூர் வரை வந்து விசாரித்தது.

ஆனால், பிகாரில் இருக்கும் அம்மாவுக்குத் திருப்பூர் என்றால் போனில் வந்த அந்த வீடியோதான். மகனுக்கோ அது ஷிஃப்ட், ஓவர்டைம், வாடகை ரூம். அவனுக்கும் பயம் இல்லாமல் இல்லை, மொழி தெரியாத ஊராச்சே. 'கிளம்பி வா' என்று வீட்டிலிருந்து போன் வந்ததும் பலர் ரயில் ஏறினார்கள். மார்ச் 8 ஹோலி வேறு. பண்டிகைக்குப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று கம்பெனிக்காரர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.