ஆபீஸ் உத்தரவும் கடைமடைக் கிராமமும்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஊரடங்குக் காலத்தில் சொன்ன கம்பெனிகள், இப்பொழுது ஆபீஸுக்கு வந்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டு வருகின்றன. இது சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள சிப்பந்திகளின் சொந்த விவகாரம் என்று நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. திருவாரூர், மன்னார்குடி, நன்னிலம், குடவாசல் முதலிய ஊர்களில் பிறந்து, கல்வி பயின்று, பிழைப்பின் பொருட்டுப் பட்டணம் புகுந்த எத்தனையோ இளைஞர்களின் வாழ்வு இதில் அடங்கியிருக்கிறது. அவர்களை அனுப்பிவிட்டு முதியோர் மட்டும் காத்திருக்கும் கிராமங்களின் வாழ்வும் இதில் அடங்கியிருக்கிறது. ஆதலின் இவ்விஷயத்தை ஆராய்வது நமது கடமையாகும்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். 2020-ம் வருஷம் மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. கணிப்பொறித் தொழிலாளர் பெட்டி படுக்கையுடன் தத்தம் ஊர் சேர்ந்தனர். வேலை நின்றுவிடவில்லை. அடுத்த ஏப்ரல் மாதத்திலேயே டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனியார், 2025-ம் வருஷத்துக்குள் தங்கள் சிப்பந்திகளில் கால்வாசிப் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஆபீஸில் இருக்க அவசியம் நேராது என்று பெருமையுடன் அறிவித்தனர். அவ்வருஷம் நவம்பரில் மத்திய ஸர்க்காரின் டெலிகாம் இலாகாவும், வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தடையாயிருந்த விதிகளைத் தளர்த்திற்று. 2022 ஜூலையில் விசேஷப் பொருளாதார மண்டலங்களிலும் இதற்கு விதி வகுக்கப்பட்டது.

பின்னர் காற்று மாறி வீசிற்று. 2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வருமாறு டாட்டா கம்பெனியார் கட்டளையிட்டனர். விப்ரோ கம்பெனியார் அவ்வருஷம் நவம்பரில் வாரம் மூன்று நாள் என்றனர். இன்போஸிஸ் கம்பெனியார் குறிப்பிட்ட தரத்தினருக்கு மாதம் பத்து நாள் என்றனர். 2024-ல் டாட்டா கம்பெனியார் மற்றுமோர் அடி முன்சென்று, காலாண்டுக்கொரு முறை வழங்கும் மாறுபடும் ஊதியத்தை ஆஜர்க் கணக்குடன் பிணைத்தனர். ஆஜர் நூற்றுக்கு 60-க்குக் குறைந்தால் அத்தொகை அறவே இல்லை. 60 முதல் 75 வரை பாதி. 75 முதல் 85 வரை முக்கால். 85-க்கு மேற்பட்டாலே முழுத் தொகை. செய்த வேலையின் தரத்தோடு, வாயிற்கதவில் அட்டையைத் தேய்த்த எண்ணிக்கையும் கூலிக்கு அளவுகோலாயிற்று!

சிப்பந்திகள் இதை எவ்வாறு ஏற்றனர்? பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே பட்டணத்துக்கு வண்டி ஏறினர். சிலர் வேலையை விட்டனர். 2022-23-ம் வருஷத்தில் பெண் சிப்பந்திகள் ஆண்களைவிட அதிக விகிதத்தில் விலகினர் என்றும், வீட்டு வேலை முறை முடிவுற்றது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றும் டாட்டா கம்பெனியின் வருஷாந்தர அறிக்கையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் அமேஸான் கம்பெனி, 2025 ஜனவரி முதல் ஐந்து நாளும் வரவேண்டும் என்றபோது, ஐந்நூறுக்கு மேற்பட்ட சிப்பந்திகள் கையொப்பமிட்டு ஆட்சேபக் கடிதம் அனுப்பினர். அங்கே கையொப்பம், இங்கே முணுமுணுப்பு. இந்த வேற்றுமை சிந்திக்கத்தக்கது.

முதலாளிமார் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. புதிதாகச் சேர்ந்த இளைஞன் மூத்தோர் அருகிருந்து கற்பதுபோல் திரையின் வழியே கற்க இயலாது. வாடிக்கைக்காரரின் இரகசியங்களைக் காப்பதும் கம்பெனியின் பொறுப்பு. போட்டிக் கம்பெனிகளுக்கும் இரகசியமாக உழைத்தனர் என்று 300 பேரை 2022-ல் விப்ரோ கம்பெனியார் நீக்கியதும் உலகறிந்த செய்தி. இவை யாவும் மெய்யே. ஆயினும் இவற்றிலிருந்து ஐந்து நாள் கட்டாயம் எப்படிப் பிறக்கும்? சீன தேசத்தில் டிரிப் டாட் காம் என்னும் கம்பெனியின் 1,612 சிப்பந்திகளைக் கொண்டு நிக்கலஸ் புளூம் முதலிய பொருளாதார நிபுணர் நடத்திய ஆராய்ச்சி 2024-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தோரின் வேலைத்திறன் குன்றவில்லை. வேலையை விட்டு விலகுவோர் தொகையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நடுவழி ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. நமது ஜில்லாவின் நிலையை நோக்குவோம். 2020-ம் வருஷத்துச் சட்டத்தால் தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயின. எண்ணெய்க் கிணறு, உருக்காலை, செம்பு உருக்கும் தொழிற்சாலை முதலியவற்றைப் புதிதாக இங்கே நிறுவத் தடை விதிக்கப்பட்டது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். சோறு விளையும் மண்ணைப் புகைக்கு இரையாக்குவது பாவம். ஆனால் படித்த பிள்ளைகள் அனைவருக்கும் குறுவையும் சம்பாவும் வேலை கொடுக்குமா? கொடா. புகைபோக்கியும் கழிவு வாய்க்காலும் வேண்டாத தொழில் ஒன்று உண்டானால், காவிரிக் கரைக்கு ஏற்ற தொழில் அதுவே. கம்பி வழியே வந்து கம்பி வழியே திரும்பும் கணிப்பொறித் தொழில் அத்தகையது. மேல்மடையிலேயே தண்ணீர் முழுவதும் தேங்கிவிட்டால் கடைமடை காய்ந்து வெடிக்கும் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். சம்பளப் பணத்தின் கதியும் அதுவே. சென்னையில் வாடகைக்கும் வண்டிக்கும் போகும் பணம், ஊரிலிருந்தால் நம் கடைத்தெருவில் புழங்கும். வீட்டுக்கு ஓடு மாற்றும். பெற்றோர்க்கு மருந்து வாங்கும்.

இது கனவன்று. தஞ்சை ஜில்லாவில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு அவர்களின் ஸோஹோ கம்பெனி, தென்காசிப் பக்கத்தில் 2011 முதல் ஆபீஸ் நடத்தி வருகிறது. ராஜாங்கத்தாரும் 2024-ல் விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சிறு டைடல் பூங்காக்களைத் திறந்தனர். வீட்டில் அடைந்து கிடப்பதா, முந்நூறு கிலோமீட்டர் கடந்து பட்டணத்தில் கிடப்பதா என்னும் இரண்டே வழிகள் அல்ல. ஊருக்கு அருகே ஆபீஸ் என்னும் மூன்றாம் வழியும் உண்டு. வீட்டு வேலையில் அடுப்பும் அலுவலும் ஒருசேரப் பெண்டிர் தலையில் விழும் தீங்கும், இரவு பகல் இன்றி வேலை நீளும் தீங்கும் இவ்வழியால் குறையும்.

மற்றொரு விஷயம். வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பது அறிவிப்பாக நின்றதேயன்றி, நியமன உத்தரவில் உரிமையாக எழுதப்படவில்லை. வாயால் வந்தது வாயால் போயிற்று. வாய்வார்த்தையின் மதிப்பைத் தஞ்சைத் தரணி அனுபவத்தால் அறியும். பண்ணையாளும் குத்தகைக்காரனும் மிராசுதாரின் தயவையே நம்பி வாழ்ந்த நிலை, பல வருஷப் போராட்டத்திற்குப் பின் 1952-ம் வருஷத்துச் சட்டத்தால்தான் மாறத் தொடங்கிற்று. அப்பண்ணையாள் பட்ட துயரையும் குளிர்ந்த அறையில் இருப்போர் குறையையும் ஒன்றென நாம் கூறவில்லை. கற்க வேண்டிய பாடம் மட்டும் ஒன்றே: எழுத்தில் இல்லாத சலுகை, கொடுத்தவர் மனம் மாறும் வரையில்தான் சலுகை. மத்திய ஸர்க்கார் 2020 டிஸம்பர் 31-ல் வெளியிட்ட சேவைத் தொழில் மாதிரி நிலையாணை வரைவிலும், வீட்டு வேலை என்பது நியமன நிபந்தனைக்கோ உடன்படிக்கைக்கோ உட்பட்டது என்றே காணப்பட்டது. உடன்படிக்கை செய்ய இரு தரப்பு வேண்டும். ஒரு தரப்பு கம்பெனி. மறு தரப்பு எங்கே?

கணிப்பொறித் தொழிலாளர்க்குச் சங்கம் ஆகாது என்னும் மயக்கம் இன்னும் தீரவில்லை. தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து இக்கம்பெனிகளுக்கு விலக்கு இல்லை என்றும், சிப்பந்திகள் சங்கம் அமைக்கலாம் என்றும் தமிழ்நாட்டு ராஜாங்கம் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலையில் எழுத்தறியாத தொழிலாளர், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலியோரின் துணைகொண்டு ஒன்றுபட்டு நின்று கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அவர்கட்கு இருந்த துணிவு பட்டம் பெற்றோர்க்கு இல்லையா? 2025 ஜூலையில் 12,000-க்கு மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக டாட்டா கம்பெனியார் அறிவித்தபின் அச்சம் மிகுந்திருப்பது உண்மையே. அச்சம் மிகுந்த காலத்தில்தான் தனி மனிதன் தோற்பான், கூட்டம் நிற்கும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. எந்த வேலைக்கு எத்தனை நாள் நேரில் வரவேண்டும் என்பதைச் சிப்பந்திகளுடன் கலந்து எழுத்தில் வரையறுக்க வேண்டும். ஆஜரைக் கொண்டு ஊதியத்தை வெட்டும் முறை ஒழிய வேண்டும். கடைமடை ஜில்லாக்களில் தடையற்ற மின்சாரமும் இணையமும் உள்ள சிறு ஆபீஸ்களைக் கம்பெனிகளும் ராஜாங்கமும் சேர்ந்து நிறுவ வேண்டும். 2018-ம் வருஷத்துக் கஜா புயலில் நாம் எத்தனை நாள் இருளில் கிடந்தோம் என்பதை மறவாது அதற்கேற்ற ஏற்பாடும் வேண்டும். சிப்பந்திகளும் ஊரிலிருந்து பார்க்கும் வேலையில் ஒரு குறையும் நேராமல் நாணயத்துடன் உழைத்து, சங்கமாய்த் திரள வேண்டும்.

கிராமம் வாழாமல் தேசம் வாழாது என்று மேடைதோறும் பேசுகிறோம். கிராமத்துப் பிள்ளை கிராமத்திலிருந்தே உழைத்து வாழ இயலும் என்பதை ஊரடங்கு மெய்ப்பித்துக் காட்டிற்று. நோயினால் வந்த அந்த ஒரே நன்மையையும் கைநழுவ விடலாமா? திருவாரூர்ப் பகுதித் தேசபக்தர்கள் இதைத் தம் பிரசாரத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.