மழை ரோடும் மோட்டார் சைக்கிள் தொழிலாளியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். போலீஸ் இலாகாவும் பத்திரிகைகளும் ஒரே குரலில் உபதேசத்தை ஆரம்பித்துவிடும். மெதுவாகப் போ, ஹெல்மெட் போடு, அவசரப்படாதே! நல்ல உபதேசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் யார், இருட்டிலும் மழையிலும் அவன் ஏன் அந்த ரோட்டில் இருக்கிறான் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

1955-ல் ராயல் என்ஃபீல்ட் புல்லட் ராணுவத்துக்கென்று சென்னைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள் என்பது போலீஸ் அதிகாரிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் உரிய வாகனமாக இருந்தது. தொழிலாளிக்குச் சைக்கிள். அந்தச் சைக்கிளைச் செய்வதற்கென்றே 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி பிறந்த ஊர் அம்பத்தூர். இன்று நிலைமை தலைகீழ். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடி ராணுவத் தளவாட ஆலைகளுக்கும், பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் ஷிப்டு மாறும் வேளையில் ரோட்டை அடைத்துக்கொண்டு போவது மோட்டார் சைக்கிள்தான். தவணையில் வாங்கியது. ஆசைக்கு வாங்கியதல்ல. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் போடும் திட்டம் எத்தனையோ வருஷங்களாகப் பேசப்படுகிறது. பேச்சில் ஏறி வேலைக்குப் போக முடியாது. இரவு 10 மணி ஷிப்டு முடித்தவனுக்கு பஸ் எங்கே இருக்கிறது? கம்பெனி பஸ் உள்ள இடங்களிலும், அதில் ஏறக் காண்டிராக்ட் தொழிலாளிக்கு எல்லா இடத்திலும் அனுமதி உண்டா?

இதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சர்க்கார் கணக்கே சொல்லும். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமது தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். பெருமைப்படத்தக்க முதலிடமல்ல!

ஈர ரோட்டின் கணக்கு

முதலில் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை, ஆபத்தைக் கண்டு சுதாரிக்க ஒரு நொடி, பிறகு பிரேக் என்று கணக்கிட்டால், காய்ந்த தாரில் ஏறத்தாழ 37 மீட்டரில் நிறுத்தலாம். நனைந்த தாரில் அதுவே 50 மீட்டரைத் தாண்டும். நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம்! வேகத்தை 40-க்குக் குறைத்தால் ஈரத்திலும் 27 மீட்டரில் நின்றுவிடலாம். 60-ல் போகிறவன் ஆவடியிலிருந்து பாடிக்குச் சில நிமிஷம் முன்னால் போய்ச் சேருவான். சிக்னல்களைக் கணக்கில் எடுத்தால் அதுவும் சந்தேகம்.

கொட்டும் மழையைவிடத் தூறல் ஆரம்பிக்கும் முதல் சில நிமிஷங்கள் மோசமானவை. பல நாள் வெயிலில் ரோட்டில் படிந்த எண்ணெயும் டயர்த் தூசியும் நீரோடு கலந்து சோப்புப் போல வழுக்கும். லாரிகள் நின்று எண்ணெய் சொட்டிய தொழிற்பேட்டை ரோடுகளுக்கு இது இரு மடங்கு பொருந்தும். கனமழை அதைக் கழுவிய பிறகுதான் ரோட்டுக்குக் கொஞ்சம் பிடிப்பு வருகிறது. வெள்ளைக் கோடு, சாக்கடை இரும்பு மூடி, தோண்டிய இடத்தில் போட்ட இரும்புத் தகடு, இவை எப்போது நனைந்தாலும் பகைதான். அவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கக் கூடாது. பிரேக்கும் போடக் கூடாது. நேராகக் கடந்துவிட வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று பயந்து, பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்கிறார்கள். பின்சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும்; அதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. தொழிலாளி பெரும்பாலும் வாங்கும் 100, 110 சி.சி. வண்டிக்கு இரண்டு பிரேக்கையும் சேர்த்து இயக்கும் ஏற்பாடு போதுமென்று அப்போது விட்டுவிட்டார்கள். எல்லா வண்டிக்கும் ஏ.பி.எஸ். என்ற வரைவு உத்தரவு வர 2025 ஆகிவிட்டது. மலிவு வண்டியில் போகிறவன் உயிரும் மலிவு போலும்!

இன்னும் சில விஷயங்கள். லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அது வாரியடிக்கும் சேற்றுநீரில் கண் தெரியாது. பக்கத்தில் போனால் நனைந்த கண்ணாடியில் டிரைவருக்கு உங்களைத் தெரியாது. இடைவெளி விட்டு, முன்னே போன வண்டியின் சக்கரம் நீரை ஒதுக்கிய தடத்தில் போவதே மேல். பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடிக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். காற்று பிடுங்கினால் குடையோடு ஆளும் போவார். தொங்கும் மழைக்கோட்டு, துப்பட்டா, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ளுங்கள். மழைக்கு ஒதுங்குவதானால் பைபாஸ் மேம்பாலத்தின் அடியில் ரோட்டின் மேலேயே கும்பலாக நிற்காதீர்கள். வேகமாக வரும் வண்டிக்கு அந்தக் கும்பல் கடைசி நொடியில்தான் தெரியும். மொட்டை டயரை அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போடுகிற தோழர்களுக்கு, மாமூல் செலவுகளில் எதையாவது தள்ளிப்போடுங்கள், இதை வேண்டாம் என்றே சொல்வோம். ஹெல்மெட் விஷயத்தில் நமக்குள் விவாதமே கிடையாது. அபராதத்துக்காக அல்ல, மண்டைக்காகப் போட வேண்டும்.

குழி யாருடையது?

இவ்வளவும் செய்த தொழிலாளி குழியில் விழுந்தால்? 2023 ஜனவரியில் மதுரவாயல் பக்கம் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டர் தடுமாறி விழ, இளம் பெண்ணொருவர் பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். நாடெங்கும் 2013 முதல் 2017 வரை ரோட்டுக் குழிகளால் மட்டும் 14,926 பேர் இறந்த கணக்கு சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. எல்லையில் மடிந்தவர்களைவிட இது அதிகமாக இருக்கலாம் என்று 2018 டிசம்பரில் நீதிபதிகளே வேதனைப்பட்டார்கள்.

பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையின் கதை இந்த வட்டாரத்து மக்களுக்குத் தெரியும். மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரை ரோடு கிடந்த கிடையைக் கண்டு, சீராகும் வரை அந்தப் பகுதிச் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வசூலிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டது. காருக்கும் லாரிக்கும் பாதிப் பணம் மிச்சமாயிற்று. சரி. சுங்கமே கட்டாத மோட்டார் சைக்கிள்காரனுக்கு என்ன நிவாரணம்? கட்டணம் கட்டாதவன் கேட்க உரிமையற்றவன் என்று யாராவது நினைத்தால், அவன் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ரோட்டுக்கென்று செஸ் வாங்கப்படுகிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 198-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. விதித்த தரப்படி ரோட்டைப் போடாமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ கண்டிராக்டருக்கோ 1 லட்ச ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம்! அதையாவது போடுகிறார்களா? ஹெல்மெட் இல்லாதவனுக்கு அதே சட்டத்தின் 1,000 ரூபாய் அபராதம் 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் அமலாகி, நடுரோட்டிலேயே ரசீது கிழிக்கப்படுகிறது. குழிக்கு ரசீது கிழித்ததை இந்தப் பக்கத்தில் யாராவது பார்த்ததுண்டா? ரோட்டில் விழுந்தவன் மீதே அஜாக்கிரதையாக ஓட்டினான் என்று எழுதி முடிப்பது சுலபம். ஆகவே விபத்து நடந்த இடத்தில் குழி இருந்தால் உடனே படம் பிடித்து, புகாரில் அது எழுதப்படுகிறதா என்று கூட நிற்கிறவர்கள் பார்க்க வேண்டும்.

மழை பெய்தால் ரோடு ஏரியாவதும் வானத்தின் குற்றமல்ல. கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, அயனம்பாக்கம் என்று ஏரிகளின் நடுவே எழும்பிய பிரதேசம் இது. வடிகாலை அடைத்துக் கட்டடம் எழுப்பியதன் பலனை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டையே மூழ்கிக் கண்டது. அப்படித் தேங்கிய நீரில் மூடி இல்லாத சாக்கடை எங்கே என்று யாருக்குத் தெரியும்? சைலன்சர் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் இறங்கி வண்டியைத் தள்ளுங்கள். தெரியாத ரோடானால் திரும்பிவிடுங்கள்.

திரும்பிவிடுங்கள் என்று எழுதுவது எளிது. பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டு என்றிருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் எப்படித் திரும்புவான்? பொட்டலம் கொண்டுபோகும் இளைஞனுக்கு மழை நேரத்தில் கூடுதல் காசு காட்டுகிறார்கள். ரோடு எப்போது அதிக ஆபத்தானதோ அப்போதுதான் அவனை ரோட்டுக்கு அழைக்கிறார்கள். கனமழை எச்சரிக்கை உள்ள நாட்களில் தாமதத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது, இரவு ஷிப்டுக்குக் காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கும் பஸ் விட வேண்டும் என்று ஒவ்வொரு ஆலையிலும் சங்கங்கள் ஐப்பசிக்கு முன்பே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளலாம் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் வந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டென்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். 2021 டிசம்பரில் மாநில சர்க்கார் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிற்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அதைக் கேளுங்கள். பிறகு அன்றைய ஷிப்டு வருகைப் பதிவின் நகல், போலீஸ் எப்.ஐ.ஆர்., முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்தி, அந்த வாரமே சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். மாதங்கள் கழித்து வந்தால் வருகைப் பதிவு கிடைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.