எழுப்பாதீர்கள்

மார்கழியில் சிதம்பரம் அழகுதான். தேரோடும் நான்கு வீதிகளிலும் கோலம், திருவாதிரையன்று களியும் ஏழுகறிக் கூட்டும். கோலம் போட்டு வலிக்கும் இடுப்பையும் களி கிண்டிய தோளையும் பாடத்தான் ஆளில்லை. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை என்றால் கடலூரில் எந்த அம்மாவுக்கும் அடுப்பு அணையாது.

திருப்பாவையில் பத்துப் பாட்டு, திருவெம்பாவையில் முதல் எட்டுப் பாட்டு, தூங்குகிற தோழியை எழுப்புவதற்கே போகின்றன. வகுப்பில் அவற்றின் நயம் சொல்கிறேன். ஆனால் என் ஓட்டு படுக்கையில் கிடப்பவளுக்கு. பனியில் ஒருத்தி இன்னும் அரைமணி நேரம் போர்வைக்குள் இருந்தால் எந்த நோன்பு கெட்டுவிடும்? நோன்பின் பலனாவது அவளுக்கா? திருவெம்பாவைப் பெண்கள் சிவனடியாரையே கணவராகக் கேட்கிறார்கள். ஆண்டாளோ கடவுளையே கேட்டாள். அந்தத் துணிச்சலை விட்டுவிட்டு, விடியற்காலைக் குளியலை மட்டும் நம் வீடுகள் எடுத்துக்கொண்டன.

தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கொடுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம். உரிப்பொருள் புணர்தல். முன்பனி என்றால் மார்கழியும் தையும்தான். இலக்கணமே காதலுக்கு ஒதுக்கிய பருவத்தை, கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாத மாதமாக்கி வைத்திருக்கிறோம். (புலவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.)

நான் கேட்பது பெரிதில்லை. காலையில் அவர் போட்ட காப்பி. சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச் மணலில், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம். அங்கே ஆண்கள் இருட்டும்வரை கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். "ராத்திரிக்கு என்ன பண்ணினே?" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.