விடியற்காலையில் கிளம்பாத டீசல் வண்டி... இன்ஜினுக்கு அடியில் நெருப்பு வைக்கலாமா?

கேள்வி: "ஊட்டி பக்கம் இரண்டு ஏக்கரில் கேரட் போடுகிறோம். விடியற்காலை 3 மணிக்கு லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டும். உறைபனி விழும் நாட்களில் எங்கள் டீசல் பிக்கப் பத்து முறை செல்ஃப் அடித்தாலும் எடுப்பதில்லை. தாமதமானால் விலை போய்விடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டு, இன்ஜினுக்கு அடியில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். டீசலில் எரியும் ஹீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது என்கிறான் மகன். எதைச் செய்யலாம்?"

- ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: முதலில், நெருப்புச் சட்டி வேண்டவே வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லுங்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் கசிவு, டீசல் குழாய், ஒயர் எல்லாம் இருக்கின்றன. ஒரு சொட்டு டீசல் நெருப்பில் விழுந்தாலும் வண்டியோடு லோடும் போய்விடும். மூடிய ஷெட் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. லோடு ஏற்றிய களைப்பில் அங்கேயே படுத்துத் தூங்குபவர் எழுந்திருக்காமலே போகலாம்.

இனி, வண்டி ஏன் எடுப்பதில்லை என்று பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினைப்போல டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் சில்லிட்டுக் கிடந்தால், அந்தச் சூட்டை இரும்பே இழுத்துக்கொள்ளும். ஆயிலும் கெட்டியாகிவிடும். பூஜ்ஜியம் டிகிரி குளிரில் பேட்டரியின் சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

மகன் சொல்லும் ஹீட்டரில் இரண்டு வகை உண்டு. இன்ஜினைச் சூடாக்கும் வகை, கூலன்ட் குழாயோடு இணைக்கப்படுவது. வண்டி டேங்கிலிருந்தே டீசலை எடுத்து, மூடிய அறைக்குள் எரித்து, கூலன்டைச் சூடாக்கி இன்ஜினுக்குள் சுற்ற விடும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இன்ஜின் வெதுவெதுப்பாகிவிடும். ஜெர்மனி, நார்வே போன்ற குளிர் நாடுகளில் இது சகஜம். ஆன்லைனில் மலிவாக வருவது பெரும்பாலும் இன்னொரு வகை. அது கேபினுக்குள் சூடான காற்றை ஊதுமே தவிர, இன்ஜினைச் சூடாக்காது. இரண்டுக்குமே புகைக்குழாய் உண்டு. மூடிய ஷெட்டில் ஓட்டக் கூடாது. இரண்டுமே பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி பலவீனமாக இருந்தால், ஹீட்டரே அதை இறக்கிவிடும்.

நம் ஊர்க் குளிருக்கு இந்தச் செலவு தேவையில்லை. லடாக் போன்ற இடங்களின் கதை வேறு. அங்கே சாதாரண டீசலே உறைந்துவிடும். அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை அங்கே கொண்டுவந்தது. ஊட்டியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், நல்ல நிலையில் உள்ள டீசல் வண்டி கிளம்பியாக வேண்டும். கிளம்பவில்லை என்றால் வண்டியில் ஏதோ குறை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, செல்ஃப் அடிக்கும்போது கவனியுங்கள்.

• செல்ஃப் மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? பேட்டரியைச் சோதியுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுத்தம் செய்யுங்கள். வண்டியின் கையேட்டில் குளிருக்குச் சொல்லியிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள்.

• வேகமாகச் சுற்றியும் எடுக்காமல், வெள்ளைப்புகை மட்டும் வருகிறதா? க்ளோ பிளக் பழுதாக இருக்கலாம். எல்லா பிளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.

• நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லையா? டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஃபில்டரில் தங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அது உறைந்து அடைத்துக்கொள்ளும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப்போல, டீசலில் உள்ள மெழுகும் குளிரில் திரளும். கோடையில் வரும் டீசல் சீக்கிரம் திரளும் என்பதால், கேனில் மிஞ்சிய பழைய டீசலைப் பனிக்காலத்தில் ஊற்றாதீர்கள்.

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தாமல் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆறுவதற்குள் பானெட்டின் மேல் கனமான கோணிகளைப் போட்டு மூடுங்கள். கிளப்பும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். காற்று உறிஞ்சும் குழாயில் பெட்ரோல் தெளிப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இரண்டும் கூடாது. க்ளோ பிளக் சூட்டில் அது வெடித்து இன்ஜினையே உடைத்துவிடும்.

பனி விழத் தொடங்கும் முன்பே, பேட்டரியையும் க்ளோ பிளக்கையும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒருநாள் மண்டி தவறினால் அடுத்த நாள் பிடித்துக்கொள்ளலாம். நெருப்புச் சட்டியால் போவதை மீட்க முடியாது.