மேஜை உழைப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்



திருப்பூர் என்றதும் நிட்டிங் மெஷினும் பவர் டேபிளும் சாயப்பட்டறையும்தான் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். அந்தப் பெருமை அதற்கு உரியதுதான். அதே ஊரில் மேஜையில் உட்கார்ந்து தொழிலை நடத்திக்கொடுப்பவர்களும் ஏராளம். மெர்ச்சண்டைசர்கள், பையிங் ஏஜென்ட்டுகள், ஆடிட்டர்கள், நிர்வாக ஆலோசகர்கள். மாவட்டப் பொருளாதாரத்துக்கு இவர்கள் தருவது எவ்வளவு என்று யாராவது கேட்டால், நேராக எடுத்துச் சொல்ல நம்மிடம் ஒரு எண் இல்லை.

ஒரு மெர்ச்சண்டைசரின் மேஜையைப் பாருங்கள். ஒரே நீலத்தில் மயிரிழை வித்தியாசத்தில் நாலைந்து லேப் டிப் (சாய மாதிரி) துண்டுகள் கிடக்கும். பையர் அதில் ஒன்றை ஓகே சொன்ன பிறகுதான் துணி சாயத்துக்குப் போகும். நூல் என்றைக்கு வர வேண்டும், டையிங், காம்பாக்டிங், கட்டிங் எந்தெந்தத் தேதியில் முடிய வேண்டும், தூத்துக்குடியில் எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். ஐரோப்பாவில் அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியமாகிவிடும். பதில் மெயில்கள் வந்து முடிய இரவாகும். ஒரு தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும், அந்த ஆர்டரின் லாபம் அதோடு போய்விடும். அந்தத் தேதிகளைக் காப்பாற்றுவதும் உற்பத்திதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அளப்பதற்கு முறை இருக்கிறது. ஒரு பையிங் ஏஜென்ட் மூலம் இரண்டு கோடி ரூபாய் ஆர்டர் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு கோடி அவருடைய பங்களிப்பு ஆகாது. அவர் கைக்கு வரும் கமிஷனிலிருந்து வாடகை, கரண்ட், கூரியர் என்று வெளியே கொடுப்பதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் அவர் கூட்டிய மதிப்பு. அவருடைய ஊழியர்களின் சம்பளமும் அவருடைய லாபமும் அதற்குள் அடக்கம். மொத்த விற்றுமுதலையே பங்களிப்பு என்று எழுதும் அறிக்கைகளை நம்பாதீர்கள். ஒரே ரூபாய் நூல் மில்லிலும், சாயப்பட்டறையிலும், ஏஜென்ட்டிடமும் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும்.

சிக்கல் வருவது வகைப்படுத்தலில். மெர்ச்சண்டைசர் கம்பெனிக்குள் சம்பளத்துக்கு இருந்தால், அவர் உழைப்பு உற்பத்தித் துறையில் சேரும். அவரே வெளியே வந்து எதிர்ச்சாரியில் சொந்தமாக ஏஜென்ஸி வைத்தால், தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி கமிஷன் வியாபாரமாகி வணிகத் துறைக்குப் போய்விடும். ஆடிட்டர் 69-ம் பிரிவில், நிர்வாக ஆலோசகர் 70-ம் பிரிவில். இந்தக் கடைசி இருவரும்கூட, 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட மாநில வருமானக் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை. ‘ரியல் எஸ்டேட், குடியிருப்பு உடைமை, தொழில்முறைச் சேவைகள்’ என்று ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். நாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மதிப்பிடப்படும் வாடகையும் அந்த வரியில்தான் இருக்கிறது. சென்னையின் ஐ.டி. கம்பெனிகளும் அதற்குள்தான். இத்தனைக்கும் நடுவில் திருப்பூர் அவிநாசி சாலை ஆலோசகரை எங்கே போய்த் தேடுவது? மாவட்டக் கணக்கு இன்னும் மங்கல். பல சேவைகளுக்கு மாநிலத்தின் மொத்தத் தொகையைத்தான் வேலை செய்வோர் எண்ணிக்கை போன்றவற்றை வைத்து மாவட்டங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று விட்டுவிட முடியாது. 1999-ல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் ஜவுளித் தொழிலில் மெஷின் வாங்கக் கைகொடுத்தது. மெஷினைக் காட்டி வங்கியில் கடனும் கேட்கலாம். எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு மெர்ச்சண்டைசிங் அலுவலகம் எதைக் காட்டும்? ஆட்களின் திறமையையும் சில கம்ப்யூட்டர்களையும்தான். தன் துறை மாவட்டத்துக்கு இவ்வளவு சேர்க்கிறது என்று சொல்ல ஒரு நம்பகமான எண் இருந்தால், கடனுக்கும் பயிற்சிக்கும் அவர்கள் தைரியமாகக் குரல் கொடுக்கலாம்.

அந்த எண் உருவாவதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. தேசியப் புள்ளிவிவர அலுவலகம், கம்பெனியாகப் பதிவாகாத சிறு நிறுவனங்களைப் பற்றி ஆய்வு நடத்துகிறது. தனி உரிமையாளர் நடத்தும் ஏஜென்ஸி, பங்குதாரர்கள் நடத்தும் ஆடிட் அலுவலகம் எல்லாம் அதில் வரும். கேட்க வருபவரை வரி அதிகாரி என்று நினைத்துப் பலர் குறைத்துச் சொல்கிறார்கள், சிலர் கதவையே திறப்பதில்லை. 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி நீங்கள் தரும் விவரத்தை வரி போடப் பயன்படுத்த முடியாது. அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் உட்காரச் சொல்லி, வரவையும் செலவையும் சம்பளத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்